இரும்புக்கு எத்தனை அடி, அலுமினியத்துக்கு எத்தனை அடி?

மே 4. கேள்வி

அண்ணா, நான் ஜெர்மனியில் முதுகலை படிக்கிறேன். இந்தக் கோடை விடுமுறையில் முதல்முறையாக லார்ப் என்னும் வேடமிட்ட போர் விளையாட்டை ஆடப் போகிறேன். வகுப்பு நண்பன் தன்னுடைய அலுமினிய வளையக் கவசத்தை, குட்டி வளையங்களைக் கோத்துச் செய்த சட்டையை, கடன் தருகிறான். தூக்கிப் பார்த்தேன், நாலு கிலோ கூட இருக்காது. விதிப்புத்தகத்தில் இரும்பு வளையத்துக்கும் அலுமினிய வளையத்துக்கும் ஒரே கவசப் புள்ளி போட்டிருக்கிறார்கள். நிஜ வாள் பட்டால் அலுமினியம் பிரிந்துவிடும் அல்லவா? நிஜத்தை ஒட்டி ஆட வேண்டும் என்றால் இரும்புக்கு அதிகமும் அலுமினியத்துக்குக் குறைவும் கொடுப்பதுதானே நியாயம்?

மே 4, இரவு

நீ சொல்வதுதான் நியாயம் தம்பி. நான் ஒன்பது வருடமாக இங்கிலாந்தில் ஆடுகிறேன். என் இரும்புச் சட்டை பன்னிரண்டு கிலோ. அதை மாட்டிக்கொண்டு மூன்று நாள் புல்லிலும் சேற்றிலும் நடக்கிறேன். பக்கத்தில் ஒருவர் அதே மாதிரி பளபளக்கும் அலுமினியத்தில் துள்ளி ஓடுகிறார். அவருக்கும் எனக்கும் ஒரே கணக்கு என்றால் வயிறு எரியாதா?

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. லார்ப் என்பது வேடம் கட்டி, பாத்திரமாகவே வாழ்ந்து, கற்பனைப் போரைத் திடலில் ஆடுவது. வாளுக்குள் கண்ணாடியிழைக் கம்பி இருக்கும், அதைச் சுற்றி ஃபோம், மேலே லேடெக்ஸ் பூச்சு. ஒவ்வொருவருக்கும் இத்தனை அடி தாங்கலாம் என்று ஓர் எண் உண்டு. கவசம் போட்டால் அந்த எண் கூடும், அப்படிக் கூடுவதுதான் கவசப் புள்ளி. அடி வாங்கியவர்தான் எண்ண வேண்டும், நடுவர் எண்ணமாட்டார். இங்கிலாந்தில் இது 1982இல் செஷரில் உள்ள பெக்ஃபர்டன் கோட்டையில் தொடங்கியது. கவசத்துக்கு எத்தனை புள்ளி என்ற சண்டையும் அப்போதே தொடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

என் கருத்து: எடைக்குத்தான் புள்ளி. வாசலில் தராசு வைக்கட்டும், இத்தனை கிலோவுக்கு இத்தனை அடி என்று எழுதிக் கொடுக்கட்டும். இரும்பின் அடர்த்தியில் அலுமினியம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. ஒரே அளவு வளையம் என்றால் எடையும் அப்படியே குறையும், புள்ளியும் அப்படியே குறையட்டும். ஆணி அடித்து மூடிய வளையம் என்றால் இன்னும் எடை, இன்னும் புள்ளி.

மே 5

நேற்று எழுதிய கடைசி வரி தவறு. ஒரு நண்பர் உடனே பிடித்துவிட்டார், நன்றி.

ஆணி அடித்த வளையம் எடை கூடியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் குறைவுதான். இன்று மலிவாகக் கிடைக்கும் சட்டையில் வளையத்தின் இரு முனையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் நிற்கும். இழுத்தால் பிரியாமல் இருக்கக் கம்பி தடிமனாக இருந்தாக வேண்டும். பழைய காலத்து ஐரோப்பியச் சட்டைகளில் முனைகளை ஒன்றன் மேல் ஒன்று வைத்துத் தட்டி, துளையிட்டு, குட்டி ஆணி அடித்திருப்பார்கள். அந்தப் பிணைப்பு இருப்பதால் மெல்லிய கம்பியே போதும். ஆகவே நிஜத்துக்கு நெருக்கமான சட்டை, என்னுடைய பன்னிரண்டு கிலோச் சட்டையைவிட எடை குறைவாக இருக்கும்.

இதை எழுதும்போதே என் தராசு யோசனை ஆட்டம் காண்கிறது. எடைக்குப் புள்ளி என்றால் நல்ல வேலைப்பாட்டுக்குக் குறைவான புள்ளி, மட்டமான வேலைப்பாட்டுக்கு அதிகப் புள்ளி என்றாகிவிடும். கொஞ்சம் யோசிக்கிறேன்.

மே 7

யோசிக்க நான் போகும் இடம் லீட்ஸில் இருக்கும் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகம். வீட்டிலிருந்து பேருந்தில் அரை மணி நேரம். அங்கே யானைக் கவசம் ஒன்று இருக்கிறது. சென்னையில் ஆளுநராக இருந்த இரண்டாம் கிளைவின் (ராபர்ட் கிளைவின் மகன்) மனைவி 1801இல் இங்கே கொண்டுவந்தது. ஒரு பகுதி தொலைந்துபோன பிறகும் 118 கிலோ. சின்னச் சின்ன இரும்புத் தகடுகளை வளையங்களால் கோத்துக் கோத்து, யானை நடந்தால் தோலோடு தோலாக அசையும்படி செய்திருக்கிறார்கள். அதன் முன்னால் நின்றால் எனக்குப் புள்ளிக் கணக்கெல்லாம் கொஞ்ச நேரம் மறந்துபோகும்.

எடையைப் பற்றிப் பேசினால் லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் செய்த சோதனையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2011இல் வெளிவந்தது. பதினைந்தாம் நூற்றாண்டுத் தகட்டுக் கவசத்தின் நகல்களைப் போட்டுக்கொண்டு ஆட்களை டிரெட்மில்லில் நடக்கவும் ஓடவும் விட்டார்கள். முப்பது முதல் ஐம்பது கிலோ வரை எடை. நடக்கும்போது உடல் செலவழித்த ஆற்றல் வெறும் உடம்போடு நடப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். காரணம் மொத்த எடை மட்டும் இல்லை. காலிலேயே ஏழெட்டு கிலோ தகடு. ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் அந்தக் காலைத் தூக்கி வீச வேண்டும். அதே எடையை முதுகில் மூட்டையாகச் சுமந்தால் இவ்வளவு செலவு ஆகாது. மார்புத் தகடு இறுக்கிப் பிடிப்பதால் ஆழமாக மூச்சு விடவும் முடியவில்லை, குட்டி குட்டி மூச்சாக வாங்கினார்கள்.

ஆக எடை என்பது ஓர் எண் இல்லை. எங்கே தொங்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. என் சட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் வார் கட்டாமல் போட்டால் பன்னிரண்டு கிலோவும் தோளில். வாரை இறுக்கிக் கட்டி, கைகளை மேலே தூக்கி, வாருக்கு மேலே கொஞ்சம் சட்டையை உப்பலாக இழுத்துவிட்டால் பாதி எடை இடுப்புக்கு இறங்கிவிடும். முதல் வருடம் இது தெரியாமல் கழுத்து பிடித்துக்கொண்டு படுத்தேன். புதிதாக வருகிறவர்கள் வேறு எதைக் கேட்காவிட்டாலும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மே 7, கொஞ்ச நேரம் கழித்து

நிஜத்தை ஒட்டி ஆட வேண்டும் என்றால் உறுப்பு உறுப்பாகத்தான் புள்ளி தர வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தலை, உடல், இரண்டு கை, இரண்டு கால், ஒவ்வொன்றுக்கும் தனி எண். இங்கிலாந்தில் இப்படி ஆடும் களங்களும் உண்டு, மொத்த உடலுக்கும் ஒரே எண் என்று ஆடும் களங்களும் உண்டு.

அவர் பக்கம் வலுவான சாட்சி இருக்கிறது. சுவீடனில் கோட்லாந்து தீவில் விஸ்பி நகருக்கு வெளியே 1361 ஜூலையில் டென்மார்க் அரசனின் படையிடம் உள்ளூர்க் குடியானவர்கள் மாட்டிக்கொண்டார்கள். வெயில் காலம். பிணங்கள் கெட்டுப்போவதற்குள் கவசத்தைக் கழற்றாமல் பலரைக் குழியில் போட்டு மூடிவிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டில் அந்தக் குழிகளைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. முழங்காலுக்குக் கீழே வெட்டுப்பட்ட எலும்புகள் ஏராளம். உடலைக் கவசமும் கேடயமும் மறைத்தால் வாள் மூடாத இடத்தைத் தேடிப் போகும்.

மொத்த எண் வைத்து ஆடும் களத்தில் இந்த உண்மைக்கு இடமே இல்லை. மார்பில் மட்டும் தகடு போட்டவரின் கெண்டைக்காலில் நீங்கள் அடித்தாலும் தகட்டின் புள்ளிதான் குறையும். இது எனக்கும் உறுத்துகிறது.

எங்கள் அம்மாவுக்குக் கவசம் என்றாலே சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுச் சொல்லும் தோத்திரம்தான். நெற்றி, கண், செவி, கழுத்து, தோள் என்று உறுப்பு உறுப்பாகப் பெயர் சொல்லிக் காக்கச் சொல்வது. நான் இங்கே என்ன ஆடுகிறேன் என்று அவரிடம் விளக்கியபோது, "எந்த இடத்தையும் விட்டுடாதே" என்றார்.

மே 8

உறுப்பு உறுப்பாக எண்ணும் களத்தில் நான் மூன்று வருடம் ஆடினேன். ஆறு எண்களை மனதில் வைத்துக்கொண்டு ஓட முடியாது. இடது கையில் இரண்டு, வலது காலில் ஒன்று, உடலில் நாலு, யாரோ குணப்படுத்தும் மந்திரம் சொன்னார்களே அது எந்தக் கைக்கு? நான்காவது நிமிடத்தில் எல்லோரும் குத்துமதிப்பாகத்தான் எண்ணுகிறார்கள். விஸ்பியின் உண்மை விதியில் இருக்கும், திடலில் இருக்காது.

மே 13

இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்ததை எழுதிவிடுகிறேன். இந்த விவாதத்தில் எல்லோரும் இரும்பு எவ்வளவு தாங்கும் என்றே பேசுகிறோம். இரும்பு போட்டவனுக்கு அடி தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு களம். எந்தக் களம் என்பது முக்கியமில்லை. மழை விட்டிருந்தது, மரங்களின் ஓரமாக இரண்டு அணியும் முட்டிக்கொண்டு நின்றோம். நான் முன்வரிசை. உள்ளே தடித்த பஞ்சுச் சட்டை, மேலே இரும்பு வளையம். எதிரணிப் பெண் ஒருவர், இருபது வயது இருக்கும், கையில் குட்டை வாள், பக்கவாட்டில் நுழைந்து என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டார். நான் முன்னால் இருந்தவரோடு மோதிக்கொண்டிருந்தேன். பிறகு திரும்பினேன். அவர் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குப் புரியவில்லை. அவரை இரண்டு அடி அடித்தேன், அவர் விழுந்தார்.

மாலையில் டீக்கூடாரத்தில் வரிசையில் நிற்கும்போது எனக்குப் பின்னால் ஒரு குரல்: "அந்த இரும்புச் சட்டைக்காரர் அடியை எண்ணுவதே இல்லை." நான்தான் அது. முகம் சூடாகிவிட்டது. இந்த ஆட்டத்தில் அதைவிடக் கெட்ட பேர் இல்லை.

அந்தப் பெண்ணைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "ஆறு முறை அடித்தேன், நீங்கள் எண்ணவே இல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தான் தப்பாக அடித்துவிட்டோமோ என்ற சந்தேகத்தோடு சொன்னார். அதுதான் இன்னும் வலித்தது. அங்கேயே ஒரு சோதனை செய்தோம். நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். களத்தில் அடிக்கிற அதே வேகத்தில் என் முதுகில் பத்து முறை அடித்தார். நான் எண்ணியது ஆறு. இரும்பைக் கழற்றிவிட்டுப் பஞ்சுச் சட்டையோடு மறுபடி நின்றேன். அடித்தது பத்து, எண்ணியது ஒன்பது. அதுவும் அமைதியான கூடாரத்தில், வேறு வேலை எதுவும் இல்லாமல், முழுக் கவனத்தையும் முதுகில் வைத்துக்கொண்டு. சேற்றில், கூச்சலில், எதிரே ஒரு கோடரியைத் தடுத்துக்கொண்டு இருக்கும்போது ஆறில் ஒன்றுகூடத் தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை.

ஃபோம் வாளால் மெதுவாகத்தான் அடிக்க வேண்டும் என்பது விதி. கவசம் இல்லாதவருக்கு வலிக்கக் கூடாது அல்லவா? அந்த மெல்லிய அடி இரும்பைத் தாண்டி வராது. கவசம் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. சரியாகச் செய்வதால்தான் போட்டவனை ஏமாற்றுக்காரன் ஆக்குகிறது.

மே 14

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் பலமாக அடிக்கலாமே" என்று கேட்டவருக்கு: அப்படி ஆடுபவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் எஸ்.சி.ஏ. என்றொரு அமைப்பு, 1966இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு வீட்டுக் கொல்லையில் தொடங்கியது. அவர்கள் வாள் பிரம்பால் ஆனது, ஒன்றேகால் அங்குலத் தடிமன். மூங்கில் போலப் பிளக்காது, நார் நாராகத்தான் பிரியும். சிலம்பம் பழகியவர்களுக்குப் பிரம்பின் அருமை சொல்ல வேண்டாம். தலையிலும் அடிக்கலாம், அதனால் இரும்புத் தலைக்கவசம் கட்டாயம். முகக் கம்பிகளின் இடைவெளியில் ஓர் அங்குலக் குச்சி நுழையக் கூடாது என்று அளந்தே உள்ளே விடுவார்கள்.

அவர்களின் விதியில் எனக்குப் பிடித்த ஒன்று. நீங்கள் நிஜத்தில் என்ன போட்டிருந்தாலும் சரி, களத்தில் நிற்கும் எல்லோரும் வளையச் சட்டையும் திறந்த முகத் தலைக்கவசமும் போட்டிருப்பதாகவே வைத்துக்கொண்டு, அந்தக் கவசத்தைத் தாண்டிக் காயப்படுத்தும் அளவுக்கு அடி பலமாக இருந்ததா என்று வாங்கியவர் தீர்மானிக்க வேண்டும். முழுத் தகடு மாட்டி வந்தாலும் பிளாஸ்டிக் தகட்டைத் துணிக்குள் ஒளித்து வந்தாலும் கணக்கு ஒன்றுதான். புள்ளியே இல்லை.

அங்கேயும் இதே வியாதி இருக்கிறது. அடியை ஏற்காதவரை அவர்கள் காண்டாமிருகம் என்று சொல்வார்கள். பிரம்பால் பலமாக அடித்துமே இந்தக் கதை என்றால் ஃபோம் எம்மாத்திரம்?

மே 14, இரவு

முழு இரும்பு வாளோடு, முழுக் கவசத்தோடு மோதும் போட்டி விளையாட்டும் இருக்கிறது. அங்கே அணி அணியாக மோதும் ஆட்டத்தில் அடியை எண்ணுவதையே விட்டுவிட்டார்கள். இரண்டு பாதம் தவிர உடலின் வேறு எந்தப் பகுதி தரையைத் தொட்டாலும் ஆட்டம் முடிந்தது. நிஜக் கவசம் நிஜமாகவே வேலை செய்கிற இடத்தில் எண்ண எதுவும் மிஞ்சுவதில்லை போலிருக்கிறது. இதை மனதில் ஓட்டிக்கொண்டே இருக்கிறேன்.

மே 20

பேச்சு வேறு பக்கம் போகிறது, பரவாயில்லை. குமிழ் ஆணி பதித்த தோல் கவசத்துக்கு வெறும் தோலைவிடப் புள்ளி அதிகமா என்று தம்பி கேட்டிருந்தான். பல விதிப்புத்தகங்களில் அதிகம்தான். 1970களின் மேசை விளையாட்டுகளிலிருந்து வந்த பழக்கம் அது. தோலில் அங்கங்கே குமிழ் ஆணி பதித்தால் வாள் எப்படி நிற்கும் என்று யோசித்துப் பார். குமிழுக்கும் குமிழுக்கும் நடுவில் தோல்தானே?

இதன் பின்னால் ஒரு கண் மயக்கம் இருக்கிறது. பிரிகண்டைன் என்ற கவசத்தில் சின்னச் சின்ன இரும்புத் தகடுகள் துணிக்கு உள்பக்கம் இருக்கும். வெளியே தெரிவது வெல்வெட்டும் வரிசை வரிசையாக ஆணித் தலைகளும் மட்டும். பழைய ஓவியங்களிலும் கல்லறைச் சிற்பங்களிலும் அதைப் பார்த்தவர்கள் ஆணி மட்டும்தான் பாதுகாப்பு என்று நினைத்துவிட்டார்கள். அருங்காட்சியகத்தில் ஒரு பிரிகண்டைனை உள்பக்கம் தெரிய வைத்திருந்தபோது பார்த்தேன், மீன் செதிள் மாதிரி ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டு போகிறது. அதைப் பார்த்த பிறகு குமிழ் ஆணித் தோலைப் பார்த்தால் மனம் ஒப்பவில்லை.

துணியை மட்டமாக நினைக்காதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரான்சின் பதினோராம் லூயி தன் வீரர்களுக்கு இருபத்தைந்து முப்பது அடுக்குத் துணியும் மேலே மான் தோலும் வைத்துத் தைத்த சட்டை வேண்டும் என்று உத்தரவு போட்டார். முப்பது அடுக்கு! நம் வேட்டியை எட்டாக மடித்துக் கத்தியால் அறுத்துப் பார்த்தாலே தெரியும், துணி எப்படி எதிர்த்து நிற்கும் என்று. எங்கள் ஆட்டத்தில் பஞ்சுச் சட்டைக்குப் பெரும்பாலும் ஒரு புள்ளி.

மே 21

தலைக்கவசம். தலையில் அடிக்கவே கூடாது என்று விதி இருக்கும் களங்களில்கூடத் தலைக்கவசத்துக்குப் புள்ளி தருகிறார்கள். நிஜத்தைக் காட்டிப் பேசுகிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? அடிபடாத இடத்தை மூடியதற்குப் புள்ளி!

ஆனால் நான் அந்தப் புள்ளியை எடுக்கச் சொல்லமாட்டேன். முன்வரிசையில் பத்துப் பேர் தலைக்கவசத்தோடு நிற்பதைப் பார்த்தால் எனக்கே வயிற்றில் ஏதோ செய்கிறது. அந்தக் காட்சிக்குத்தான் அந்தப் புள்ளி. தம்பி, இதை எழுதும்போதுதான் உன் கேள்விக்கு நான் முதல் நாள் சொன்ன பதிலை மாற்ற வேண்டியிருக்கிறது என்று தோன்றுகிறது. இன்னும் முழுதாகத் தெளியவில்லை.

ஜூன் 5

வார இறுதியில் களம். இங்கே அபூர்வமாக அடிக்கும் வெயில். முதல் நாள் மதியம் எங்கள் அணியில் ஒருவர், வயது ஐம்பதுக்கு மேல், பஞ்சுச் சட்டையும் இரும்பும் மார்புத் தகடும் போட்டிருந்தவர், வரிசையில் நிற்கும்போதே உளற ஆரம்பித்தார். வியர்வை நின்றுவிட்டிருந்தது. மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனோம். தகட்டின் வாரை வெட்டினோம். வளையச் சட்டையைக் கழற்றுவது இருக்கிறதே, அதைச் செய்து பார்த்தவருக்குத்தான் தெரியும். பொத்தான் கிடையாது. குனிந்து, தலை கீழாக, கைகளை முன்னால் நீட்டி, உடம்பை உதற வேண்டும், அப்போது சட்டை தானாகத் தலை வழியே சரிந்து தரையில் கொட்டும். நிற்கவே முடியாதவரை எப்படிக் குனிய வைப்பது? இரண்டு பேர் இடுப்பைப் பிடிக்க, ஒருவர் முன்னாலிருந்து இழுக்க, காதும் முடியும் வளையத்தில் மாட்டி, மூன்று நிமிடம் ஆனது. பஞ்சுச் சட்டையைப் பிழிந்தால் வாளி நிறையும்போல் இருந்தது. தண்ணீரில் நனைத்த துணிகளைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தோம். முதலுதவிக்காரர்கள் வந்து பார்த்துக்கொண்டார்கள். சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து டீ குடித்தார்.

அன்று இரவு அவர் சொன்னது: "இரும்பு போட்டால்தான் ஆறு அடி. அலுமினியம் போட்டால் நாலுதான். அந்த இரண்டு அடிக்காகத்தான் போட்டேன்." அந்தக் களத்தில் நான் முதல் நாள் எழுதியதற்கு ஒப்பான விதிதான் இருக்கிறது. கனமானதற்கு அதிகம்.

மே 4 அன்று எழுதியதை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தராசு வேண்டாம்.

ஜூன் 6

நேற்று களைப்பில் பாதியில் நிறுத்திவிட்டேன்.

எடைக்குப் புள்ளி கொடுத்தால் யார் விலகுவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். தோள்பட்டை அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் தோழி. முழங்கால் தேய்ந்த எங்கள் அணித் தலைவர். காசு இல்லாத மாணவர்கள். பிறகு அவர்களுக்கு மேல் நானும் என்னைப்போல உடம்பில் தெம்பு உள்ளவர்களும் இரண்டு அடி அதிகம் தாங்கி நிற்போம். அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

இப்போது என் எண்ணம் இதுதான். கவசப் புள்ளி என்பது எதிரே நிற்பவருக்கு நான் கொடுக்கும் தகவல். ஐந்து எட்டு வைக்கும் தூரத்தில் என்னைப் பார்த்ததும் "இவர் எளிதில் விழமாட்டார்" என்று அவருக்குத் தெரிய வேண்டும். அது தெரிந்தால் அவர் தன் நண்பரைக் கூப்பிடுவார், பின்வாங்குவார், அல்லது துணிந்து வருவார். ஆட்டம் அங்கேதான் நடக்கிறது. அது தெரியாமல் உள்ளே ஒளித்து வைத்த இரும்பு எத்தனை கிலோ இருந்தாலும் அவரைப் பொறுத்தவரை நான் ஏமாற்றுகிறேன்.

ஆகவே: பார்த்தால் கவசம்போல இருந்து, உடலின் பெரும்பகுதியை மூடினால் நாலு. பாதியை மூடினால் இரண்டு. இல்லையென்றால் ஒன்றுமில்லை. பொருள் எது என்று கேட்க வேண்டாம், இரும்போ அலுமினியமோ நன்றாகச் சாயம் பூசிய ஃபோமோ. மொத்த உடலுக்கும் ஒரே எண், ஏனென்றால் அதைத்தான் ஓடிக்கொண்டே எண்ண முடியும். கம்பளி நூலில் பின்னி வெள்ளிச் சாயம் அடித்த சட்டை பத்து எட்டு தூரத்தில் வளையம்போலவும் இரண்டு எட்டு தூரத்தில் கம்பளிபோலவும் இருக்கும், அதற்கு இல்லை.

விளிம்பு கூராக இருக்கும் தகட்டை மட்டும் தயவுதாட்சண்யம் இல்லாமல் வெளியே அனுப்ப வேண்டும். அது எதிரியின் லேடெக்ஸ் வாளைக் கீறி, ஃபோமைப் பிளந்து, உள்ளே இருக்கும் கம்பியை வெளியே கொண்டுவந்துவிடும். அடுத்த அடி யாருடைய கண்ணில் விழுமோ.

ஜூன் 6, மாலை

"அப்படியென்றால் நிஜம் எங்கே போனது?" என்று கேட்கிறீர்கள். நிஜம் அடி வாங்குகிறவரின் உடம்பில் இருக்கட்டும். ஜெர்மனியில் ஒரு பிரிவினர் புள்ளியே வைக்காமல் ஆடுகிறார்கள், தம்பி அதைப் பார்த்திருப்பான். எதைச் செய்து காட்ட முடிகிறதோ அது மட்டுமே உன் திறமை என்பது அவர்கள் கொள்கை. அடித்தவர் கணக்குக் கேட்கமாட்டார். வாங்கியவர்தான் தன் கவசத்தையும் அடியின் வீச்சையும் பார்த்து, தள்ளாடுவதா, கையைப் பிடித்துக்கொண்டு கத்துவதா, விழுவதா என்று முடிவு செய்வார். பெரிய கோடரி பட்டால் கவசம் போட்டவரும் இரண்டு எட்டுப் பின்னால் போவார். அதைப் பார்க்கும்போது எந்தப் புள்ளிக் கணக்கையும்விட நிஜமாக இருக்கிறது. முன்பின் தெரியாத பல ஆயிரம் பேர் கூடும் களத்தில் இது நடக்குமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. நாற்பது பேர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன்.

அதில் ஒரு பகுதியை எந்தக் களத்துக்கும் கொண்டுபோகலாம். இப்போது நான் தோலால் எண்ணுவதில்லை, காதால் எண்ணுகிறேன். வளையத்தில் அடி பட்டால் சலக்கென்று ஒரு சத்தம் வரும். நான் அசையும்போது வரும் சத்தம் இழுவையாக இருக்கும், அடி பட்டால் சட்டென்று வெட்டினாற்போல வரும். ஒரு குளிர்காலம் முழுக்கத் தோட்டத்தில் நண்பரை அடிக்கச் சொல்லிப் பழகினேன். சந்தேகம் வந்தால் ஒன்று கூட்டியே எண்ணுகிறேன். முதுகுப் பக்கம் யாராவது இருந்தால் உரக்கவே எண்ணுகிறேன், "ஒன்று, இரண்டு" என்று தமிழில். எதிரிக்குப் புரியாவிட்டாலும் நான் எண்ணுவது தெரியும்.

இதற்காக அடுத்தவர் மத்தளம்போலத் தட்டித் தள்ளினால் அதையும் எண்ணச் சொல்கிறீர்களா என்றால், இல்லை. வாளை இழுத்து வீசாமல் மணிக்கட்டால் தடதடவென்று தட்டுவதை நாங்கள் தவில் என்போம். அது அடி இல்லை.

ஜூன் 11

துரு பற்றிக் கேட்டவருக்கு மட்டும். தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள். ஊர்ப் பழக்கத்தில் நான் முதல் வருடம் பூசினேன். இந்த ஊர்க் குளிரில் அது ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் வெள்ளை மெழுகாக உறைந்து, சட்டை பலகைபோல விறைத்து நின்றது. வெந்நீர் ஊற்றித்தான் பிரிக்க வேண்டியிருந்தது. இயந்திர எண்ணெய் ஒரு துணியில் கொஞ்சம் எடுத்துத் துடைத்தால் போதும். துரு ஏற்கெனவே ஏறியிருந்தால் மூடியுள்ள வாளியில் சட்டையையும் உலர்ந்த மணலையும் போட்டு உருட்டுங்கள். அந்தக் காலத்தில் பீப்பாயில் போட்டு இப்படித்தான் உருட்டினார்கள்.

அலுமினியம் துருப்பிடிக்காது, ஆனால் கருப்பாகக் கையிலும் கழுத்திலும் ஒட்டும். உள்ளே காலர் உள்ள சட்டை போட்டுக்கொள்.

ஜூன் 24

தம்பி எழுதியிருந்தான், அடுத்த வாரம் கிளம்புகிறானாம். அலுமினியத்தையே போடு, தயங்காதே. யாராவது இது நிஜமில்லை என்றால் விட்டுவிடு. உள்ளே பஞ்சுச் சட்டை இல்லாமல் மட்டும் போடாதே, வளையம் தோளைக் கீறும், தொளதொளவென்று தொங்கிப் பார்க்கவும் நன்றாக இருக்காது. மார்புச் சுற்றளவு முப்பத்தெட்டு என்று சொன்னாய், என் பழைய பஞ்சுச் சட்டை உனக்குச் சரியாக இருக்கும். நேற்று பார்சல் போட்டுவிட்டேன். இரண்டு அக்குளிலும் தையல் திறந்திருக்கும். பிரிந்துவிட்டது என்று நினைத்துத் தைத்துவிடாதே, காற்றுப் போக நான்தான் பிரித்துவிட்டேன்.